கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம்

அத்தியாயம் பதினேழு

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு ஜொவிட்டா தன் அப்பாவிடம் சொன்ன பொய் சிறியதுதான்.

"கோயிலுக்குப் போறேன் டாடி. தவக்கால தியானம். வர பதினோரு மணியாகும்."

லூயிஸ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்றார். எழுபது வயது. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டியவர். காபி டம்ளர் வலது கையில் இருந்தது. கை நடுங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜொவிட்டா கதவைச் சாத்தினாள்.

அவள் கோயிலுக்குப் போகவில்லை. பெசன்ட் நகரில் பஸ் ஏறி தி.நகர் போனாள். ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் அறிவியல் பாடம் நடத்திக் காட்டினாள். கடைசி வரிசையில் தலைமையாசிரியை உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வேலை கிடைத்தால் வீட்டில் சொல்லலாம், கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று மூன்று வாரத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு லூயிஸுக்குச் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தது. மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு ஜொவிட்டாவும் அண்ணன் ஸ்டீவும் சேர்ந்து ஒரு விதி வைத்தார்கள். டாடியைத் தனியாக விடக் கூடாது. ஸ்டீவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. ஜொவிட்டாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தேழு வயதில் பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தது அவள்தான்.

மூன்றாவதாக ஒருத்தி உண்டு. தங்கை டெல்பின். ஹஸனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருவான்மியூரில் இருக்கிறாள். மூன்று கிலோமீட்டர் தூரம். ஆறு வருடமாக அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை.

பதினொன்று பத்துக்கு ஜொவிட்டா திரும்பி வந்தாள்.

*

லூயிஸ் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. அங்கிருந்து எச்சில் வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"டாடி."

கண்கள் அவள் பக்கம் திரும்பின.

போன வருடம் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. முகம், கை, பேச்சு, நேரம் என்று நான்கு விரல் மடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜொவிட்டா ஆசிரியை. ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டாள்.

"சிரிங்க டாடி. எனக்காக ஒரு தடவை."

இடது பாதி மட்டும் அசைந்தது.

"ரெண்டு கையும் தூக்குங்க."

இடது கை எழுந்தது. வலது கை தரையில் அப்படியே இருந்தது, வேறு யாருடையதோ போல.

"என் பேர் சொல்லுங்க."

அவர் முயன்றார். தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. அது பெயர் இல்லை. அது பெயர் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. கண்ணில் பயம் வந்தது.

நூற்றெட்டு உடனே எடுத்தது. ஒரு பெண் குரல்.

"மூச்சு ஒழுங்கா விடறாங்களா?"

"விடறார்."

"கூப்பிட்டா பார்க்கறாங்களா?"

"பார்க்கறார். பேச வரல. வலது பக்கம் விழுந்துடுச்சு. ஸ்ட்ரோக்."

"வாய் வழியா எதுவும் கொடுக்காதீங்க. தண்ணி, மாத்திரை எதுவும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வழியற எச்சில் வெளியே வரணும். வண்டி அடையாறுலேர்ந்து கிளம்பியாச்சு."

கனமான உடம்பு. அவள் முழங்கால் போட்டு, தோளையும் இடுப்பையும் பிடித்து, ஒரே இழுப்பில் புரட்டினாள். அவருக்கு அடியில் செல்போன் கிடந்தது. பெரிய எண்கள் போட்ட பட்டன் போன். எடுத்துத் தன் பையில் போட்டாள். பை இன்னும் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாடி வீட்டு விஜயலக்ஷ்மி படியிறங்கி வந்துவிட்டாள். கையில் கரண்டி.

"என்னடி ஆச்சு? விழுந்துட்டாரா? சுகர் குறைஞ்சிருக்கும். இரு, ஆத்துலேர்ந்து ஹார்லிக்ஸ் கலந்துண்டு வரேன்."

"வேண்டாம் மாமி."

"ஒரு வாய் உள்ள போனா தெம்பு வரும்டி."

"இப்ப அவரால விழுங்க முடியாது மாமி. நுரையீரலுக்குப் போயிடும்."

"எங்காத்து மாமாக்கு அன்னிக்குக் கொடுத்தேனே."

"மாமாவுக்கு வந்தது வேற. நீங்க கீழ போய் கேட்டைத் திறந்து வைங்க. ஆம்புலன்ஸ் வரும்."

விஜயலக்ஷ்மி வாசல் வரை போய் நின்றுகொண்டாள். ஒரு நிமிடத்தில் ஸ்டீவ் அழைத்தான். மாமிதான் வாசலிலிருந்து போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். ஜொவிட்டா ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். பின்னால் பட்டறை இரைந்தது.

"ஜொவி, ஊசி எடுத்து விரல் நுனில குத்து. பத்து விரல்லயும். ரத்தம் வந்தா சரியாயிடும்னு வாட்ஸ்ஆப்ல வந்துது."

"அதெல்லாம் பொய்ண்ணா."

"சரி, டாக்டர் அங்கிளைக் கூப்பிடு. முதல்ல அவர் வந்து பார்க்கட்டும்."

கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கிளினிக். முப்பது வருடமாக அந்தக் குடும்பத்தில் யாருக்கு எது வந்தாலும் முதலில் அங்கேதான். அம்மாவின் புற்றுநோயைக்கூட நான்கு மாதம் அங்கே வைத்துத்தான் பார்த்தார்கள்.

"அவர்கிட்ட ஸ்கேன் இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ அங்க வந்துடு."

"ஏய், நீ வீட்லதானே இருந்தே?"

வாசலில் விஜயலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள்.

"இருந்தேன்" என்றாள் ஜொவிட்டா.

"எப்ப ஆச்சு?"

"இப்பதான். பத்தரைக்குக் காபி கொடுத்தேன். நல்லா இருந்தார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. மூன்று விரல்தான் மடக்கியிருந்தாள். நான்காவது விரல் நேரம்.

*

ஆம்புலன்ஸில் வந்தவன் பெயர் கபாலி. சட்டைப் பையில் எழுதியிருந்தது. முப்பது வயது இருக்கும். வேகமாக வேலை செய்தான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தான். கைப்பட்டை கட்டி அழுத்தம் பார்த்தான்.

"சுகர் நூத்தி முப்பத்தெட்டு. அது இல்ல. பிரஷர் நூத்தி எழுபது. பெரியவரே, என்னியப் பாருங்க. கண்ண மூடாதீங்க. அவ்ளோதான், பார்த்துக்கினே இருங்க."

வண்டி நகர்ந்தது. கபாலி பேனாவை எடுத்தான்.

"எப்ப ஆச்சு மேடம்?"

"நான் பார்த்தது பதினொண்ணு பத்து."

"நீங்க பார்த்த டைம் வேணாம். அவரு கடசியா ஷோக்கா இருந்த டைம் வேணும். அத்த வெச்சுதான் அங்க எல்லாம் நடக்கும்."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"தூங்கிக்கினு இருந்தாரா?"

"இல்ல. பத்தரை. பத்தரைக்குப் பேசிட்டிருந்தார்."

கபாலி அவளைப் பார்த்தான். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. தோளில் பை. தலையில் காலையில் வைத்த பூ வாடியிருந்தது.

"எங்கியாவது போயிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கையில் போட்டிருந்த ரப்பர் உறையின் மேலேயே பத்தரை என்று எழுதிக்கொண்டான். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டான். "ஸ்ட்ரோக் கேஸு. வலது பக்கம், பேச்சு இல்ல. ஆன்செட் பத்தரைக்கு மேல. சி.டி. ரூம ரெடி பண்ணி வைங்க. பத்து நிமிஷத்துல வந்துர்றேன்."

அவள் சொன்ன பொய் வண்டிக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

லூயிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தெரிந்துகொண்டு பார்த்தார் என்று சொல்ல முடியாது. அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுத்தினார். அழுத்தம் நன்றாகவே இருந்தது.

*

பன்னிரண்டு எட்டுக்கு டாக்டர் ஸ்ரீநாத் வெளியே வந்தார். கையில் ஒரு படிவம். ஸ்டீவும் வந்து சேர்ந்திருந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை, செருப்பில் இரும்புத் தூள்.

"உட்காருங்க. ரெண்டே நிமிஷம் பேசணும்" என்றார் டாக்டர். அவரே உட்காரவில்லை.

"ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல. ரத்தக் குழாய்ல அடைப்பு. இடது பக்க மூளை. பேச்சு அங்கதான் இருக்கு. கம்பி விட்டு எடுக்கற மாதிரி பெரிய அடைப்பு இல்ல. கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. கொடுத்தா பேச்சு திரும்ப வர நல்ல வாய்ப்பு. கொடுக்கலன்னா பெரும்பாலும் இப்படியே நின்னுடும்."

"கொடுங்க சார்" என்றான் ஸ்டீவ்.

"கேளுங்க. அது தொடங்கின நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். அதுக்கு மேல போனா அந்தப் பகுதி செத்துப் போயிருக்கும். அப்ப ஊசி போட்டா உள்ள ரத்தம் கசியும். மருந்தே ஆளை முடிச்சுடும். அதனாலதான் நேரத்தை இவ்வளவு துருவிக் கேட்கறோம்." படிவத்தைப் பார்த்தார். "பத்தரைன்னு போட்டிருக்கு. அப்படின்னா மூணு மணி வரைக்கும் இருக்கு. மேடம், பத்தரைக்கு உங்க கண்ணால பார்த்தீங்க. பேசினார். சரியா?"

"பார்த்தா சார்" என்றான் ஸ்டீவ். "காபி கொடுத்திருக்கா."

"அவங்க சொல்லட்டும்."

ஜொவிட்டா கணக்குப் போட்டாள். ஆறு ஐம்பதோடு நாலரை. பதினொன்று இருபது. அவள் வீட்டுக் கதவைத் திறந்து பத்து நிமிடத்தில் அந்த நேரம் முடிந்துபோயிருந்தது.

உண்மையைச் சொன்னால் ஊசி இல்லை. பேச்சு இல்லை. சொல்லாவிட்டால் ஊசி உண்டு. ஊசி அவரைக் காப்பாற்றலாம். கொல்லவும் செய்யலாம். எது என்று அவளுக்குத் தெரியாது. பத்தரை என்ற எண்ணை நம்பிக்கொண்டிருக்கும் இந்த டாக்டருக்கும் தெரியாது.

பையில் அவள் போன் அதிர்ந்தது. தி.நகர் பள்ளியின் எண். நிறுத்தினாள்.

"ஆறு ஐம்பது" என்றாள்.

"என்ன ஆறு ஐம்பது?" என்றான் ஸ்டீவ்.

"நான் கடைசியாப் பார்த்தது ஆறு ஐம்பதுக்கு டாக்டர். அதுக்கப்புறம் வீட்ல இல்ல. பதினொண்ணு பத்துக்கு வந்தேன். அப்ப கீழ கிடந்தார். பத்தரைன்னு சொன்னது பொய்."

ஸ்ரீநாத்தின் முகத்தில் கோபம் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்ப கொடுக்க முடியாதும்மா."

"எங்க போயிருந்தே?" ஸ்டீவின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரு ஸ்கூலுக்கு. டெமோ கிளாஸ்."

"டாடிகிட்டயாவது சொல்லிட்டுப் போனியா?"

"தியானத்துக்குப் போறேன்னுதான் சொன்னேன்."

"நாலு மணி நேரம். நாலு மணி நேரம் அவரைத் தனியா விட்டுட்டு—"

"சார்" என்றார் டாக்டர். "இதை அப்புறம் பேசுங்க. எனக்கு வேற ஒண்ணு வேணும். ஆறு ஐம்பதுக்கு அப்புறம் யாராவது அவரைப் பார்த்தாங்களா? பேசினாங்களா? பால் போடறவங்க, வேலைக்கு வர்றவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க? யாருகிட்டயாவது போன் பேசினாரா?"

மாமி மாடியிலேயே இருந்திருக்கிறாள். வேலைக்கு யாரும் வருவதில்லை. பால் ஆறு மணிக்கே வந்துவிடும்.

போன்.

ஜொவிட்டா பையைத் தலைகீழாகக் கொட்டினாள். சாக்பீஸ் டப்பா, சான்றிதழ் உறை, பஸ் டிக்கெட், ஆதார் அட்டை. பட்டன் போன் தரையில் விழுந்து சுழன்றது. எடுத்தாள். லூயிஸ் அதற்குப் பூட்டு எதுவும் போட்டதில்லை.

வெளியே போன அழைப்புகள். முதல் வரி. இன்று, ஒன்பது முப்பத்தெட்டு. நான்கு நிமிடம் பத்து விநாடி.

பெயர் இல்லை. வெறும் எண்.

"யாரு?" என்றான் ஸ்டீவ்.

அவளுக்கு அந்த எண் மனப்பாடம். ஆறு வருடத்தில் எத்தனையோ தடவை பாதி வரை அழுத்திவிட்டு நிறுத்தியிருக்கிறாள்.

"டெல்பின்" என்றாள்.

*

ஜொவிட்டா அப்பாவின் போனிலிருந்தே அந்த எண்ணை அழுத்தினாள். டெல்பின் ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

ஜொவிட்டா வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கத்தில் குரல் உடைந்தது. "டாடி. சாரி டாடி. கட் பண்ணிட்டேன். திரும்பக் கூப்பிடலாமா வேணாமான்னே—"

"டெல்பின், நான் ஜொவி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டாடிக்கு ஸ்ட்ரோக். அடையாறுல ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டர் ஒண்ணு கேட்கணும்கறார். அழாம பதில் சொல்லு. அப்புறம் அழலாம்."

ஸ்ரீநாத் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், இன்னிக்குக் காலைல ஒன்பது முப்பத்தெட்டுக்கு உங்க அப்பா உங்களைக் கூப்பிட்டிருக்கார். நீங்கதான் பேசினீங்களா?"

"ஆமா. நான் பேசல. அவர்தான் பேசினார். நான் கேட்டுட்டிருந்தேன்."

"வார்த்தை தெளிவா இருந்துதா?"

"இருந்துது. என் பேரைச் சொன்னார். முழுப் பேரும் சொன்னார், டெல்பின் ரோஸ்னு. ஹஸன் எப்படியிருக்கார்னு கேட்டார்."

ஸ்டீவ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கடைசி வரைக்கும் தெளிவா?"

போனில் ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"மேடம். இது முக்கியம். உங்க மேல தப்பு கண்டுபிடிக்கக் கேட்கல."

"இல்ல" என்றாள் டெல்பின். "கடைசில நாக்கு தடிச்ச மாதிரி ஆயிடுச்சு. வார்த்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. அழறார்னு நினைச்சேன். டாடி அழறதை என்னால கேட்க முடியல. வச்சுட்டேன்."

"அது எத்தனை நிமிஷம் கழிச்சு?"

"மூணு நிமிஷம் நல்லாதான் பேசினார். அதுக்கு மேல இருக்கும். கடைசி அரை நிமிஷம்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயம். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு."

ஸ்ரீநாத் போனைத் திருப்பிக் கொடுத்தார். பேனா மறுபடி வெளியே வந்தது. பத்தரையை அடித்துவிட்டு எழுதினார்.

"ஒன்பது முப்பத்தெட்டுன்னே வச்சுக்கறேன். ரெண்டு எட்டு வரைக்கும் இருக்கு. ஆனா ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். ரத்தம் உறையாம இருக்க வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"ஆஸ்பிரின் மட்டும். நான்தான் கொடுக்கறேன்."

"சமீபத்துல ஆபரேஷன், வயித்துல புண்?"

"இல்ல."

"நூத்துல அஞ்சாறு பேருக்கு இந்த ஊசியாலயே ரத்தக்கசிவு ஆகலாம். அதைத் தெரிஞ்சுகிட்டு ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

படிவம் ஸ்டீவிடம் போனது. அவன்தான் மூத்தவன். அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அவ சொல்றதை நம்பியா கையெழுத்துப் போடறது?"

"அண்ணா, போன்ல நேரம் இருக்கு."

"நேரம் இருக்கு. தெளிவாப் பேசினார்ங்கறதுக்கு என்ன இருக்கு? ஆறு வருஷமா இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதவ. அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதை வச்சு டாடி மூளைல மருந்து ஏத்தணுமா?"

"கட் பண்ணினேன்னு தானா சொன்னாளே. பொய் சொல்றவ அதைச் சொல்லுவாளா?"

"பொய்யைப் பத்தி நீ பேசாதே."

அவள் கையை நீட்டினாள். "கொடு. நான் போடறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் போட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு."

அவன் விடவில்லை. அவள் இழுத்தாள். தாளின் ஒரு மூலை கிழிந்தது. ஸ்ரீநாத் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜொவிட்டா சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பெயர். உறவு: மகள். நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நிமிடம் உட்பட எழுதினாள்.

பன்னிரண்டு இருபத்தேழுக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

*

ஊசி என்றாலும் அது ஒரே தடவையில் முடிவதில்லை. முதலில் கொஞ்சம் நேராக. மீதி ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நர்ஸ் அவரை எழுப்பிச் சோதிப்பாள். கையைத் தூக்குங்க. காலைத் தூக்குங்க. இது என்ன, பேனாவா, சாவியா. பிறகு கதவை ஒருபக்கம் திறந்து தலையை மட்டும் நீட்டுவாள்.

முதல் தடவை: "அப்படியேதான் இருக்கார்."

இரண்டாவது தடவை: "பிரஷர் கொஞ்சம் ஏறிச்சு. மருந்து கொடுத்திருக்கு. பயப்படாதீங்க."

மூன்றாவது தடவை: "கை விரல் லேசா அசையுது. பேச்சு இன்னும் இல்ல."

ஸ்டீவ் நடைவழியின் கடைசி வரை போய்த் திரும்பினான். மறுபடி போனான். ஜொவிட்டா தரையில் சிதறியவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டாள். சான்றிதழ் உறையில் யாரோ மிதித்த செருப்புத் தடம் இருந்தது.

ஒன்றே காலுக்கு டெல்பின் வந்தாள்.

ஜொவிட்டாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு வைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஹஸன் ஸ்கூட்டரோடு நின்றது கண்ணாடிச் சுவர் வழியே தெரிந்தது. அவன் உள்ளே வரவில்லை.

ஸ்டீவ் வழியை மறித்தான்.

"இங்க எதுக்கு வந்தே?"

"டாடியைப் பார்க்க."

"ஆறு வருஷம் கழிச்சு அக்கறை வந்துடுச்சா?"

"அவர்தாண்ணா கூப்பிட்டார்."

அவன் ஒதுங்கவில்லை. டெல்பின் அவனைச் சுற்றிக்கொண்டு வந்து ஜொவிட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் புடவை நல்லாருக்கு" என்றாள் டெல்பின்.

"இன்டர்வியூவுக்குக் கட்டினது."

"கிடைச்சுதா?"

"தெரியல. போன் பண்ணாங்க. எடுக்கல."

"எடு அக்கா."

"அப்புறம்." ஜொவிட்டா தயங்கினாள். "டாடி என்னடி சொன்னார்?"

டெல்பின் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"முதல்ல, நான் பேசறது கேட்குதான்னு நாலு தடவை கேட்டார். நான் உம்னுகூடச் சொல்லல. உங்க வீட்லேர்ந்து கடல் சத்தம் கேட்குமான்னார். கொழந்தை இருக்கான்னார். எல்லாம் தெளிவா. அப்புறம் கொஞ்சம் நிறுத்தினார். 'உங்கம்மா கடைசி நாள்ல உன்னை'ன்னு ஆரம்பிச்சார். அதுக்கு மேலதான் குழறிச்சு."

"என்னைன்னா?"

"தெரியல. அங்கதான் நான் வச்சேன். அம்மா என்னைத் திட்டினதைத்தான் மறுபடியும் சொல்லப்போறார்னு நினைச்சேன். அழுதுட்டே சொல்லப்போறார்னு."

அம்மா மர்சலின் இறந்தது டெல்பின் கல்யாணமாகி நான்காவது மாதம். 'அவ முகத்தை என் பக்கத்துல காட்டாதீங்க' என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதனால்தான் டெல்பினுக்கு அடக்கம் முடிந்த பிறகு சொன்னார்கள். அதனால்தான் அவள் திரும்பி வரவில்லை.

அந்தக் கடைசி இரவில் அம்மாவின் கட்டிலருகே இருந்தது ஒரே ஆள்தான். வெளியே வந்து அந்த வார்த்தையைச் சொன்னதும் அவன்தான்.

ஜொவிட்டா நிமிர்ந்து ஸ்டீவைப் பார்த்தாள். அவன் நடப்பதை நிறுத்தியிருந்தான்.

கதவு திறந்தது. இந்தத் தடவை நர்ஸ் முழுவதுமாக வெளியே வந்தாள்.

"லூயிஸ் அட்டெண்டர்? ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. ஏதோ பேச முயற்சி பண்றார். தெரிஞ்ச முகம் ஒண்ணு எதிர்ல இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றார்."

உள்ளே போவதற்கான பாஸ், கையெழுத்துப் போட்டவளிடம் இருந்தது. மஞ்சள் அட்டை, கயிறு போட்டது.

"நான் போறேன்" என்றான் ஸ்டீவ். கையை நீட்டிவிட்டான். காலையிலிருந்து அவன் இவ்வளவு வேகமாக எதற்கும் வரவில்லை.

ஜொவிட்டா கயிற்றைப் பிரித்து டெல்பினிடம் கொடுத்தாள்.

"மூத்தவன் நான், ஜொவி."

"அவர் பாதில நிறுத்தினது இவகிட்ட."

டெல்பின் இருவரையும் பார்த்தாள். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நர்ஸின் பின்னால் போனாள்.

ஸ்டீவ் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இரும்புத் தூள் ஒட்டிய உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தான்.

"அவளை உள்ள விட்டிருக்கக் கூடாது."

"ஏன்?"

"மீதி என்னன்னு எனக்குத் தெரியும். டாடிகிட்ட நான்தான் சொன்னேன்."

"அப்ப சொல்லு."

அவன் கதவைப் பார்த்தான். "டாடியே சொல்லட்டும்."

"அவரால சொல்ல முடியலன்னா?"

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நர்ஸ் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். உள்ளேயிருந்து ஸ்ரீநாத்தின் குரல் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"ஐயா, உங்க முன்னால நிக்கறது யாரு? பேர் சொல்லுங்க."

ஜொவிட்டாவும் ஸ்டீவும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.